லெமுவேலின் பிரமாணப் பத்திரம்

லெமுவேலுக்குத் தன் பெண்டாட்டி மேல் சந்தேகம் கிடையாது. சந்தேகம் இருந்திருந்தால் தேவலை. ஒரு நாள் சத்தம் போட்டு, ஒரு தட்டை உடைத்து, அந்த ஆளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டு முடித்திருக்கலாம். ஆர்னெட்டா அப்படிப்பட்டவள் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் அவள் போவது பெல்ஃபோர்ட் நூலகத்துக்கு. உட்காருவது ஜன்னலை ஒட்டிய பெரிய மேஜையில், நூலகக்காரியின் கண்ணெதிரே. அவளுக்கு எதிரே உட்காரும் ஹோசியா க்ரம்ப்புக்கு வயது அறுபத்தேழு. மேல்வரிசையில் மூன்று பல் இல்லை. இருந்தும் அந்த இரண்டு நாளும் லெமுவேலுக்கு நெஞ்சுக்குழியில் ஏதோ கருகிக்கொண்டே இருக்கும்.

அவனுக்குக் கெளுத்திக் குளத்தில் வலை இழுக்கிற வேலை. டெல்டாவில் வெயில் ஏறினால் தண்ணீர் கொதித்து மீன் செத்துவிடும் என்பதால் விடிந்தும் விடியாததுமாக இறங்க வேண்டும். இரண்டு கரையிலும் டிராக்டர் வலையை இழுத்துக்கொண்டு போக, இவர்கள் ஏழு பேர் நெஞ்சு வரை ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு பின்னாலேயே சேற்றில் நடப்பார்கள். வலையின் அடிக்கயிறு சேற்றில் புதைந்தால் காலால் கிளப்பிவிட வேண்டும், மேலே வந்தால் மிதித்து அமுக்க வேண்டும். கெளுத்தியின் முள் ரப்பரையும் தாண்டி ஏறும். ஏறிய இடம் இரண்டு நாள் விண்விண்ணென்று தெறிக்கும். மீன் ஆலையிலிருந்து ஒருத்தர் வந்து ஒரு மீனை வேகவைத்து வாயில் போட்டுப் பார்த்து, "சேத்து வாடை அடிக்குது, இந்தக் குளம் வேணாம்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்குப் பாடு அத்தனையும் வீண்.

அதே மீனை ஆலைக்குள் அறுக்கிறவளாக இருந்தவள்தான் ஆர்னெட்டா. பத்தொன்பது வருஷம். கத்தி அவள் கையில் தானாக நடக்கும் என்பார்கள். இப்போது அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. முதியோர் இல்லத்தில் காலை வேளையில் துணி மடித்துக் கொடுக்கிறாள்.

நடந்தது இதுதான். முந்தின முந்தின வருஷம் அக்டோபரில் ஷெரிஃப் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஆர்னெட்டாவின் தங்கை மகனைத் தேடி வந்ததாகச் சொன்னார்கள். அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். "உள்ள போய்ப் பாக்கணும்னா அதுக்குக் காகிதம் இருக்கா? காட்டுங்க" என்று கேட்டாள். அவ்வளவுதான். பெரியவன் அவள் கையைப் பின்னால் முறுக்கித் தூக்கினான். தோள் மூட்டு கழன்ற சத்தம் வாசல்படியில் நின்ற லெமுவேலுக்குக் கேட்டது. இன்னொருத்தன் துப்பாக்கியை இவன் பக்கம் திருப்பியிருந்தான். லெமுவேல் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றான். அவளைப் புல்லில் இழுத்துக்கொண்டு போய் வண்டியில் போடும் வரைக்கும் நின்றான். இரண்டு நாள் ஜெயிலில் வைத்திருந்துவிட்டு, குற்றம் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

ஆர்னெட்டா அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏன் நின்றாய் என்று கேட்டதில்லை. அவள் கேட்காததுதான் அவனைத் தின்றது.

வழக்குப் போட்டார்கள். ஜாக்சனிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். ஒன்றரை வருஷம் கழித்து நீதிபதி விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தார். சொன்ன விவரம் போதாது, அந்த அதிகாரிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் மேல் குற்றம் சாட்ட முகாந்திரம் இல்லை என்று பதினெட்டுப் பக்கம். வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி தன்னால் முடியாது, முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், தேவனின் கிருபை உங்களோடிருப்பதாக.

"விட்டுரலாம் நெட்டா" என்றான் லெமுவேல்.

"எதை?"

"இதைத்தான். கடவுள் பாத்துக்குவாரு."

"கடவுள் பாத்துக்கட்டும். முப்பது நாளுக்குள்ள நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் அவள் ஹோசியா க்ரம்ப்பிடம் போய்ச் சேர்ந்தாள். ஹோசியா இருபத்திரண்டு வருஷம் மாநிலச் சிறையில் இருந்தவர். பருத்தி வயலில் களை வெட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் சிறை நூலகத்தில் சட்டப் புத்தகம் படித்து, தன் மனுவைத் தானே எழுதி, மூன்றாவது தடவையில் வெளியே வந்தவர். இப்போது ஒரு தகரக் கொட்டகையில் புல்வெட்டி யந்திரம் பழுது பார்க்கிறார். வாரத்தில் இரண்டு நாள் கையைக் கழுவிக்கொண்டு நூலகத்துக்கு வந்துவிடுவார். மேல்முறையீடு செய்கிறோம் என்ற அறிவிப்பு முப்பது நாளுக்குள் போய்விட்டது; வாதப் பத்திரம்தான் இனி எழுத வேண்டும்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை லெமுவேல் வேலை முடிந்து நேரே நூலகத்துக்குப் போனான். சேறு காய்ந்த பூட்சோடு உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஹோசியா ஏதோ சொன்னார். ஆர்னெட்டா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தொண்டை தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவனுக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கேயோ தொலைந்துபோனது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த ஒரு சாமான் அடுத்தவன் வீட்டில் இருப்பதைப் பார்த்தது போல இருந்தது.

உள்ளே போனான்.

"வா பிரதர் டேட்டம், உக்காரு" என்றார் ஹோசியா. "உன்னைப் பத்திதான் பேச்சு."

"என்னைப் பத்தியா சிரிப்பு?"

"சிரிப்பு அந்த நீதிபதியைப் பத்தி. பதினெட்டுப் பக்கத்துல உன் பொண்டாட்டி பேரை நாலு விதமா எழுதியிருக்காரு." சிரித்தபடியே ஒரு தாளை முன்னால் இழுத்தார். "ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீ படியில நின்னியே. அவளுக்கும் உனக்கும் எத்தனை அடி இருக்கும்?"

லெமுவேலின் காது சூடாயிற்று. "பன்னெண்டு."

"பன்னெண்டு அடி. நடுவுல மறைப்பு ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் பாத்தே."

"பாத்தேன்."

"எழுதிக்கம்மா. நானா எழுதக்கூடாது, நான் வக்கீல் இல்ல. நீதான் எழுதணும், நீதான் கையெழுத்துப் போடணும். வழக்குத் தாள்ல இந்த விவரம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு எண் போட்டு எழுது."

ஆர்னெட்டா நோட்டில் எழுதினாள். பன்னிரண்டு அடி. ஹோசியாவுக்கு அது ஒரு ஆதாரம். லெமுவேலுக்கு அது அவன் ஆயுசின் அளவு.

மறுநாள் குளத்தில் புக்கர் ஆரம்பித்தான். புக்கர் வலையில் அவனுக்கு அடுத்த ஆள், வாய் சும்மா இருக்காது.

"என்ன டேட்டம், உன் வீட்டம்மா வக்கீலாயிட்டாங்களாமே? அந்தப் பல்லில்லாத கிழவன்தான் குருவாமே?"

"வலையைப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனா எவனாவது என் பொண்டாட்டிக்கு வாரம் ரெண்டு நாள் எதையாச்சும் சொல்லிக் குடுத்தா, நானும் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துருவேன்பா."

மற்றவர்கள் சிரித்தார்கள். லெமுவேல் அடிக்கயிற்றை மிதித்த மிதியில் இடுப்பளவு சேறு கலங்கியது.

அன்று சாயங்காலம் பன்றிக் கழுத்தெலும்பும் வெண்ணெய் பீன்ஸும் சோள ரொட்டியும். ஆர்னெட்டா இடது கையால் பரிமாறிக்கொண்டே பேசினாள்.

"மேல்கோர்ட்டு கீழ்க்கோர்ட்டு சொன்னதை நம்ப வேண்டியதில்லையாம், லெம். எல்லாத்தையும் மொதல்ல இருந்து புதுசா பாக்கணுமாம். பிரதர் க்ரம்ப் சொன்னாரு..."

"பிரதர் க்ரம்ப் சொன்னாரு, பிரதர் க்ரம்ப் சொன்னாரு. இந்த பீன்ஸுல உப்பு போதுமான்னு அவரைக் கேட்டியா?"

அவள் கரண்டியை வைத்தாள். "என்ன இப்போ?"

"இருபத்தாறு வருஷமா உன்கூட பேசறேன். நான் பேசினதுல ஒரு வார்த்தையை எழுதி வச்சிருக்கியா நீ?"

"நீ சொன்னதை எழுதித்தானே வச்சேன். பன்னெண்டு அடின்னு."

வேண்டுமென்று சொன்னாளா, வெகுளியாகச் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டான்.

ஜூலைக் கடைசியில் வாதப் பத்திரம் எழுதி முடிந்தது. இருபத்தொன்பது பக்கம், எல்லாம் ஆர்னெட்டாவின் கையெழுத்து. நியூ ஆர்லியன்ஸிலிருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பதிவுத் தபாலில் போயிற்று. அதோடு நூலகமும் நின்றது. இனி பதில் வரும் வரை வேலையில்லை.

அந்த மாதிரி நாட்களை லெமுவேல் மறந்தே போயிருந்தான். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தால் அவள் இருந்தாள். வெண்டைக்காயை சோள மாவில் பிரட்டிப் பொரித்து வைத்திருந்தாள். தர்ப்பூசணியை அவன் அறுக்க, அவள் உப்பைத் தூவ, சாய்வு வெயிலில் பின்வாசலில் உட்கார்ந்து தின்றார்கள். பக்கத்து வயலில் பருத்திக்காய் வெடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் தோளுக்கு அவன் கர்ப்பூரத் தைலம் தேய்த்துவிட்டான். "இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நாள் அவன் புக்கரைப் போலப் பேசிக் காட்டியபோது சிரித்தாள்கூட. முழுச் சிரிப்பு இல்லை, முக்கால்வாசி. இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் முழுசையும் வாங்கிவிடலாம் என்று நினைத்தான்.

எட்டாம் நாள் தபால் பெட்டியில் அந்தக் கடிதம் கிடந்தது.

மூன்று மணிக்கு வீடு திரும்பும்போது தபாலை எடுத்து வருகிறவன் அவன்தான். வண்டியை நிறுத்திவிட்டுச் சாலையிலேயே நின்று பிரித்தான். அனுப்பிய வாதப் பத்திரத்தில் குறை இருக்கிறது. சில இடங்களில் ஆவணப் பக்க எண் இல்லை. எதிர்தரப்புக்கு நகல் அனுப்பியதாக உறுதிமொழித் தாள் இல்லை. பதினான்கு நாளுக்குள் சரி செய்து அனுப்பாவிட்டால் மேல்முறையீடு தள்ளுபடி ஆகும்.

அவன் படிப்பறிவு அதற்குத் தாராளமாகப் போதும். பதினான்கு நாள் என்பதும் புரிந்தது. தள்ளுபடி என்பதும் புரிந்தது. ஆனால் அவன் கண்ணுக்குத் தெரிந்தது நூலகத்து ஜன்னல்தான். நாளைக்கே அவள் அங்கே போய் உட்காருவாள். அந்த ஆள் ஒரு சொல் சொல்லுவார். இவள் தலையைச் சாய்த்துச் சிரிப்பாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் பழைய ரப்பர் உடுப்பு ஒன்று கிழிந்து தொங்கியது. அதன் மார்புப் பைக்குள் கடிதத்தைச் செருகினான். ஒரு வாரம், ஒரே வாரம் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அடுத்த வாரமும் அதையே சொல்லிக்கொண்டான். பதினான்கு நாளும் அவன் தினம் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் குளிக்கப் போனான். பதினைந்தாம் நாள் இனிச் சொல்லிப் பயனில்லை என்று ஆனதும், வெட்கக்கேடு, அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை ஆர்னெட்டா வீட்டில் இருப்பாள். பெட்டிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. லெமுவேல் எட்டிப் பார்த்தபோது சாலையோரப் பள்ளத்தருகே, வெயிலில், தாளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"தள்ளுபடியாம்" என்றாள், அவன் பக்கத்தில் வந்ததும். குரல் மெலிந்திருந்தது. "நாலாந்தேதியே எழுதினாங்களாம். நான் பதிலே போடலையாம். லெம், எனக்கு எதுவும் வரலையே! இந்தத் தபால்காரிதான் எங்கயோ போட்டுட்டா. போன மாசம் சிஸ்டர் ஹார்லானோட மருந்தைக்கூட மாத்திப் போட்டாளே. திங்கக்கிழமை போறேன். அவ வேலைக்கே உலை வைக்கிறேன் பாரு."

"நெட்டா."

"நான் செத்தாலும் விடமாட்டேன் அவளை."

"அவ போட்டா. ஒழுங்காத்தான் போட்டா. நான் எடுத்தேன்."

அவள் அவனைப் பார்த்தாள். ஒரு பருத்தி லாரி தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. தூசி அடங்கிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தான். நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான்.

"அவங்க என் கையைத்தான் ஒடைச்சாங்க, லெம்" என்றாள். "வண்டியை எடு."

"எங்க?"

"பிரதர் க்ரம்ப் கிட்ட. நான் வாயே திறக்க மாட்டேன். நீதான் சொல்லணும்."

ஹோசியா கொட்டகையில் ஒரு புல்வெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அரம் பிடித்துக்கொண்டிருந்தார். லெமுவேல் சொன்னான். எண்ணெய்க் கறை படிந்த தரையைப் பார்த்தபடி, கடிதத்திலிருந்து கிழிந்த உடுப்பு வரை எல்லாவற்றையும் சொன்னான். ஹோசியா அரத்தைக் கீழே வைத்தார்.

"எதுக்குப்பா?"

லெமுவேல் ஒரு தரம் ஆர்னெட்டாவையும் ஒரு தரம் அவரையும் பார்த்தான்.

"என் மேல பொறாமையா?" அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாதியில் நின்றுவிட்டது. முகம் இறுகியது. "அந்தப் பத்திரத்துல அவ பன்னெண்டு வாரம் உயிரைக் குடுத்தா. உன்னை ஓங்கி ஒரு அறை விடணும்னு இருக்கு. எனக்குப் பரோல் இருக்கு, அதனால விடலை." கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். "நான் உள்ள போன ரெண்டாம் வருஷம் என் வீட்டுக்காரி இன்னொருத்தனோட போயிட்டா. பதினோரு வருஷம் அவனைத்தான் நினைச்சுட்டு இருந்தேன். என் வழக்கைவிட அதிகமா அவனை நினைச்சேன். அந்த எரிச்சல் எனக்குத் தெரியாததில்ல. சரி. வழி ஒண்ணு இருக்கு. மறுபடி சேத்துக்கச் சொல்லி மனுப் போடலாம். ஏன் தாமதம்னு காரணம் கேப்பாங்க."

"என்ன காரணம் எழுதறது?" என்றாள் ஆர்னெட்டா. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

"காரணம் இதோ நிக்குதே" என்று லெமுவேலைக் காட்டினார். "நீயும் எழுதக்கூடாது, நானும் எழுதக்கூடாது. அவனே எழுதிச் சத்தியம் பண்ணணும்."

செவ்வாய்க்கிழமை நூலகத்து மேஜையில் லெமுவேல் உட்கார்ந்தான். பேனா அவன் விரலுக்குள் துரும்பு மாதிரி இருந்தது. முதலில் 'கடிதம் கை தவறிப் போய்விட்டது' என்று எழுதினான். ஆர்னெட்டா அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்துக் குப்பையில் போட்டாள். இரண்டாவது தாளில் 'மறந்துவிட்டேன்' என்று எழுதினான். அதுவும் போயிற்று.

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் எழுதினா ஜெயிலு" என்றார் ஹோசியா. "அங்க சாப்பாடு நல்லா இருக்காது."

மூன்றாவது தாளை எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

'என் பெயர் லெமுவேல் டேட்டம். ஆர்னெட்டா டேட்டமின் புருஷன். குளத்தில் வலை இழுக்கிறேன். நீங்கள் ஆகஸ்ட் நாலாம் தேதி எழுதிய கடிதத்தை எடுத்தது நான். பிரித்துப் படித்துப் புரிந்துகொண்டு ஒளித்து வைத்ததும் நான். என் மனைவிக்குத் தெரியாது. அவளுக்கு உதவி செய்கிற மனிதர் மேல் எனக்குப் பொறாமை. அவர்கள் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. அவள் அங்கே சிரித்தாள், வீட்டில் சிரிப்பதில்லை, அதுதான். அவளை இழுத்துக்கொண்டு போன அன்று நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு என்னைவிட அதிகம் செய்துவிட்டார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. கெடு தவறியது என் குற்றம். அதற்கு அவளைத் தண்டிக்க வேண்டாம்.'

ஆர்னெட்டா படித்தாள். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தவில்லை. ஹோசியா வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊரில் சத்தியப் பத்திரத்துக்கு முத்திரை குத்தும் நோட்டரி என்றால் மிஸ் யூலாதான், இறுதிச் சடங்கு நிலையம் நடத்துகிறவள். சவப்பெட்டிகளுக்கு நடுவே போட்டிருந்த மேஜையில் தாளைப் பரப்பி முழுக்கப் படித்தாள்.

"நான் இதைப் படிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, லெமுவேல். ஆனா படிச்சுட்டேன்."

"தெரியுது மிஸ் யூலா."

"முப்பது வருஷமா முத்திரை குத்தறேன். எவ்வளவோ ஆம்பளைங்க எவ்வளவோ சத்தியம் பண்ணிட்டுப் போயிருக்காங்க. இப்படி ஒண்ணு இந்த மேஜைக்கு வந்ததில்ல. வலது கையைத் தூக்கு."

ஞாயிற்றுக்கிழமைக்குள் சர்ச் முழுக்கத் தெரிந்துவிட்டது. குளத்தில் புக்கர் ஒரு வாரம் எதுவுமே சொல்லவில்லை. அது கேலியைவிட மோசமாக இருந்தது. ஆர்னெட்டா மூன்று வாரம் தங்கை வீட்டில் தங்கினாள். லெமுவேல் டப்பா மீனும் பிஸ்கட்டும் தின்று நாளை ஓட்டினான். தினமும் தபால் பெட்டியைத் திறந்து, வந்ததை எதையும் பிரிக்காமல் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் கதவை முழுசாகத் திறக்காமல் வாங்கிக்கொள்வாள்.

அக்டோபரில் ஒரே ஒரு வரியில் உத்தரவு வந்தது. மேல்முறையீடு மறுபடி சேர்க்கப்பட்டது. அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தாள். "உன்னை மன்னிச்சேன்னு நினைக்காத" என்றாள். "அங்க மெத்தை சரியில்ல."

மறு வருஷம் மே மாதம் தீர்ப்பு. கவுண்டியின் மேல் போட்ட வழக்குத் தள்ளுபடியானது ஆனதுதான். ஆனால் கையை முறுக்கிய அதிகாரியின் மேலுள்ள வழக்கை விசாரிக்காமல் தள்ளியது தவறு, கீழ்க்கோர்ட்டு எடுத்து நடத்த வேண்டும் என்று மூன்று நீதிபதிகள் எழுதியிருந்தார்கள். ஆர்னெட்டா முதலில் ஹோசியாவுக்குத்தான் போன் செய்தாள். போனில் தொண்டை திறந்து சிரித்தாள். அடுப்படியில் நின்ற லெமுவேலுக்குப் பழைய இடத்தில் பழையபடி கருகியது. அவன் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தான்.

பிப்ரவரியில் ஜூரி முன்னால் விசாரணை என்று நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால், நவம்பரில், எதிர்தரப்பு வக்கீல் சாட்சிகளை விசாரிக்கக் கூப்பிட்டார். நேரில் பார்த்த ஒரே சாட்சி லெமுவேல். கோர்ட்டுக் கட்டடத்தின் மாடி அறையில் ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட வக்கீல். மறுபக்கம் தனக்குத் தானே வக்கீலாக ஆர்னெட்டா, சர்ச்சுக்குப் போகிற நீல உடையில். மூலையில் சொன்னதையெல்லாம் தட்டெழுதுகிற பெண்.

வக்கீல் அன்றைய நாளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்து மேஜையில் தள்ளினார்.

"மிஸ்டர் டேட்டம், இது உங்க கையெழுத்துத்தானே?"

"ஆமாங்க."

"கோர்ட்டுக் கடிதத்தைச் சொந்தப் பொண்டாட்டி கிட்டயே ஒளிச்சு வச்சிருக்கீங்க."

"வச்சேன்."

"பொறாமையில."

"அதுலயே எழுதியிருக்குங்க."

"பொறாமையில கண்ணு மறைஞ்ச மனுஷன் சொல்ற சாட்சியை ஜூரி எதுக்கு நம்பணும்?"

"ஆட்சேபணை" என்றாள் ஆர்னெட்டா. குரல் தெளிவாக இருந்தது. "இது கேள்வி இல்ல, வாதம்."

"பதிவாகட்டும். நான் வேற மாதிரி கேக்கறேன்." வக்கீல் முன்னால் சாய்ந்தார். "அந்தப் பொறாமை இன்னும் இருக்கா, மிஸ்டர் டேட்டம்? இன்னைக்கு, இங்க, இந்த நிமிஷம்?"

"ஆட்சேபணை. வழக்குக்குச் சம்பந்தமில்லாதது."

"இருக்கட்டும் நெட்டா" என்றான் லெமுவேல். "நான் சொல்றேன்." வக்கீலின் பக்கம் திரும்பினான். "இருக்குங்க. இன்னைக்குக் காலையில எந்த உடுப்பு போடலாம்னு இவ அவருக்குப் போன் பண்ணிக் கேட்டா. எனக்கு எரிஞ்சுது. ஊரே சிரிக்கற விஷயத்தைச் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கேன். அதுலயே பொய் சொல்லாதவன் இதுல எதுக்குங்க பொய் சொல்லப் போறேன்?"

வக்கீல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தட்டெழுதுகிற பெண் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு நிமிர்ந்து காத்திருந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆர்னெட்டா தலை குனிந்திருந்தாள், அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை.

"நீங்க அன்னைக்கு நடந்ததை இன்னும் கேக்கவே இல்லையே" என்றான் லெமுவேல். "கேளுங்க. நான் சொல்றேன்."